டார்க் சைட் ஆஃப் தி மூன் ஆல்பத்தை முதல் தடவை முழுசா கேக்குறது எப்படி

இங்கிலாந்து ராக் பேண்ட் பிங்க் ஃபிளாய்டோட டார்க் சைட் ஆஃப் தி மூன் பேரு தெரியாதவங்க கம்மி, ஆனா அத ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே உக்காரல்ல கேட்டவங்க அதவிட கம்மின்னு நினைக்கிறேன். காசப்பத்தின மணி பாட்டு ஏதாவது பிளேலிஸ்ட்ல வந்து காதுல விழுந்திருக்கும், டைம் பாட்டோட கிடார் சோலோ யூடியூப்ல பாத்திருப்பீங்க, முக்கோண கண்ணாடியில வெளிச்சம் பிரியுற படம் போட்ட டி-ஷர்ட் காலேஜ்ல எத்தனையோ பேர் போட்டிருப்பாங்க. அது போதாதுங்க. 1973 மார்ச்ல வந்த இந்த ஆல்பத்துல பேருக்கு 10 டிராக் இருக்கு, ஆனா ஒண்ணு முடியுற இடத்துலயே அடுத்தது தொடங்கிடும், மொத்தம் கிட்டத்தட்ட 43 நிமிஷம், அதுல ஒரு பாட்ட மட்டும் உருவி எடுத்தா அது எதுக்கு அங்க வந்துச்சுன்னே தெரியாம போயிடும். அதனால எப்படி கேக்கணும், கேக்கும்போது எத கவனிக்கணும், அந்த சத்தமெல்லாம் எப்படி வந்துச்சுன்னு எனக்கு தெரிஞ்சத இங்க எழுதுறேன், பொறுமையா படிங்க.

கேக்குறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது

முதல்ல சரியான ஆல்பத்த எடுங்க. ஆப்ல தேடுனா நாலஞ்சு வெர்ஷன் வரும். உங்களுக்கு வேண்டியது 10 டிராக் மட்டும் இருக்குற பழைய ஸ்டீரியோ மிக்ஸ், ரீமாஸ்டர்னு போட்டிருந்தா பரவால்ல, 2011ஓ 2023ஓ எதுவா இருந்தாலும் சரி. ரிடக்ஸ்னு ஒண்ணு 2023ல வந்துச்சு, அது ராஜர் வாட்டர்ஸ் தனியா புதுசா ரெக்கார்ட் பண்ணது, பாதி இடத்துல பாடாம பேசுவாரு, அத முதல்ல கேட்டுட்டு இதுதான் ஆல்பம்னு நினைச்சுடாதீங்க. சுத்தி எல்லா பக்கத்துல இருந்தும் சத்தம் வர்ற மாதிரி செஞ்ச அட்மாஸ் மிக்ஸும் இருக்கு, நல்லாவே இருக்கு, ஆனா அத பின்னாடி பாத்துக்கலாம்.

அடுத்து செட்டிங்ஸ். ஷஃபிள் ஆஃப். கிராஸ்ஃபேடுன்னு ஒண்ணு இருக்கும், ஒரு பாட்டோட வால அடுத்த பாட்டோட தலை மேல ஏத்தி விடுறது, அதையும் ஆஃப் பண்ணுங்க, கேப்லெஸ் பிளேபேக் மட்டும் ஆன்ல இருக்கணும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல ஒரு செகண்ட் அமைதி விழுந்தாக்கூட கெட்டுடும், ஏன்னா அந்த இணைப்பெல்லாம் எத்தனையோ தடவை மாத்தி மாத்தி செஞ்சு பாத்து முடிவு பண்ணது. நடுவுல விளம்பரம் வர்ற ஃப்ரீ அக்கவுண்ட்ல தயவுசெஞ்சு கேக்காதீங்க, யார்கிட்டயாவது சிடி இருந்தா கடன் வாங்கியாவது கேளுங்க.

ஃபோன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். வயர் ஹெட்ஃபோனோ நல்ல இயர்ஃபோனோ போதும், லட்ச ரூபா செட்டு எல்லாம் தேவையில்ல, ஆனா இடது வலது சரியா மாட்டுங்க, ஏன்னா இதுல சத்தம் ஒரு காதுல இருந்து இன்னொரு காதுக்கு நடந்து போகும். இன்னொரு முக்கியமான விஷயம் வால்யூம். ஆல்பம் ஆரம்பிச்ச முதல் சில நொடி ஒண்ணுமே கேக்காது, அப்புறம் இதயத்துடிப்பு மாதிரி ஒண்ணு ரொம்ப மெல்லமா வரும், அந்த நேரத்துல சத்தம் பத்தலன்னு ஏத்தி வச்சீங்கன்னா நாலாவது டிராக்ல கடிகாரம் எல்லாம் ஒண்ணா அடிக்கும்போது காது போயிடும். ரெண்டாவது டிராக் பிரீத்ல பாட்டு செட்டாகும் பாருங்க, அத ஒரு நிமிஷம் முன்கூட்டியே போட்டு வால்யூம் வச்சுட்டு, திரும்ப முதல்ல இருந்து போடுங்க.

முதல் தடவை கேக்கும்போது

முதல் தடவை ஃபோன தள்ளி வச்சுட்டு சும்மா கேளுங்க. வரிய படிச்சுக்கிட்டே கேக்கணும்னு அவசியமில்ல, இங்கிலீஷ் பாட்டு வரி புரியாதேன்னு பயப்படவும் வேண்டாம், மொத்தத்துல வரிகள் கம்மிதான், இருக்குறதும் நேரான சாதாரண பேச்சு. எதப்பத்தின்னு மட்டும் தெரிஞ்சா போதும். 1971 கடைசியில லண்டன்ல நிக் மேசன் வீட்டு கிச்சன்ல நாலு பேரும் உக்காந்து பேசுறாங்க: பாஸ் வாசிக்குற ராஜர் வாட்டர்ஸ், கிடார் டேவிட் கில்மோர், கீபோர்டு ரிச்சர்ட் ரைட், டிரம்ஸ் மேசன். ஒரு மனுஷன பைத்தியம் புடிக்க வைக்குற அழுத்தம் என்னென்னன்னு ஒரு பட்டியல் மாதிரி வருது. ஓடிக்கிட்டே இருக்குறது, நேரம், சாவு, காசு, நீ வேற நான் வேறன்னு அடிச்சுக்குறது, கடைசியில புத்தி கலங்கிப்போறது. ஆல்பத்தோட வரிசையும் கிட்டத்தட்ட இதேதான். வரி மொத்தமும் வாட்டர்ஸ் எழுதுனது, இதுக்கு முந்தின ஆல்பங்கள்ல அப்படி இல்ல.

இந்த புத்தி கலங்குற விஷயம் அவங்களுக்கு வெறும் கற்பனை இல்ல. பேண்ட ஆரம்ப காலத்துல தாங்கிப்புடிச்ச சிட் பாரெட் மனநிலை குலைஞ்சு 1968ல வெளிய போனவரு, வாட்டர்ஸுக்கும் கில்மோருக்கும் கேம்பிரிட்ஜ்ல ஒண்ணா வளந்த ஃப்ரெண்டு. ஒன்பதாவது டிராக் பிரெயின் டேமேஜ் கேக்கும்போது இத மனசுல வச்சுக்கோங்க, அந்த பாட்ட கில்மோர் பாடல, வாட்டர்ஸே பாடியிருக்காரு.

இன்னொண்ணு, அஞ்சாவது டிராக் கிரேட் கிக் இன் தி ஸ்கை முடிஞ்சதும் நிறுத்தி வச்சுட்டு ஒரு நிமிஷம் எந்திரிச்சு நில்லுங்க. இது எல்பி ரெக்கார்டுக்காக கட்டுனது, அங்க முதல் பக்கம் முடியுது, ஆள் எந்திரிச்சு தட்ட திருப்பி போடணும். சாவப்பத்தின அந்த கதறல் அடங்கி கொஞ்சம் மூச்சு விட்டதுக்கு அப்புறம்தான் மணி பாட்டோட கல்லாப்பெட்டி சத்தம் வரணும். ஆப்ல ரெண்டும் ஒட்டிக்கிட்டு வர்றதுல அந்த இடைவெளி காணாம போயிடுது, அத நீங்களே உண்டாக்கிக்கலாம்.

ரெண்டாவது தடவை, காத தீட்டிக்கிட்டு

இங்கதான் எனக்கு பேச நிறைய இருக்கு. ரெக்கார்டிங் நடந்தது லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோல, 1972 மே கடைசியில ஆரம்பிச்சு விட்டு விட்டு 1973 தொடக்கம் வரைக்கும். ஆனா பாட்டெல்லாம் அதுக்கு முன்னாடியே மேடை ஏறிடுச்சு, 1972 ஜனவரி 20 பிரைட்டன்ல முதல் தடவை வாசிச்சப்ப மணி பாட்டு வரைக்கும் வந்து டேப் கோளாறுல நின்னுபோச்சு. அந்த வருஷம் முழுக்க ஊர் ஊரா வாசிச்சு வாசிச்சு தேறுனதுக்கு அப்புறம்தான் ரெக்கார்டா வந்துச்சு. கையில இருந்தது 16 சத்தத்த தனித்தனியா பதியுற 16 டிராக் டேப் மெஷின், கம்ப்யூட்டர் கிடையாது, சத்தத்த பதிஞ்சு வச்சு திருப்பி வாசிக்குற சாம்ப்ளர் கிடையாது. இத ஞாபகம் வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா கேளுங்க.

முதல் டிராக் ஸ்பீக் டு மீ. அந்த இதயத்துடிப்பு உண்மையான இதயம் இல்ல, மேசனோட பாஸ் டிரம், பஞ்சு மாதிரி ஏதாவது வச்சு அமுக்கி மெத்துன்னு அடிச்சது. அதுக்கு மேல கடிகாரம், கல்லாப்பெட்டி, சிரிப்பு, அலறல்னு ஆல்பத்துல பின்னாடி வரப்போற எல்லாமே ஒரு நிமிஷத்துக்குள்ள தலைய காட்டிட்டு போயிடும். கடைசியில ஒரு சத்தம் வீங்கிக்கிட்டே வந்து பிரீத்துக்குள்ள விழும், அது பியானோ கார்ட் (பல ஸ்வரத்த ஒண்ணா சேத்து அடிக்குறது) ஒண்ண அடிச்சு அடங்குற வரைக்கும் ரெக்கார்ட் பண்ணி டேப்ப தலைகீழா ஓட்டுனது. பிரீத்ல ஒரு இடத்துல கார்ட் மாறும்போது ராக் பாட்டுல வராத ஒரு ஜாஸ் வாசனை வரும், அது ரிச்சர்ட் ரைட் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸோட கைண்ட் ஆஃப் ப்ளூ ஆல்பம் கேட்டு புடிச்சு வச்சிருந்த கார்ட்னு அவரே சொல்லியிருக்காரு. இந்த ஆல்பத்தோட ஈரம் பாதி ரைட் கையில இருந்து வந்ததுதான், வாட்டர்ஸ் கில்மோர் சண்டையப் பத்தியே எல்லாரும் பேசி அவர மறந்துடுறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

ஆன் தி ரன்ல பாட்டே கிடையாது. மேடையில முதல்ல இது ஒரு கிடார் ஜாமா இருந்துச்சு, ஸ்டுடியோல தூக்கி போட்டுட்டு லண்டன்ல இஎம்எஸ்னு ஒரு கம்பெனி செஞ்ச சின்தி ஏகேஎஸ்ங்குற பெட்டி சைஸ் சின்தசைசர்ல எட்டு நோட்ட மெதுவா பதிஞ்சு வேகத்த ஏத்தி விட்டாங்க. அதுக்கு மேல ஓடுற கால் சத்தம், ஏர்போர்ட் அறிவிப்பு, கடைசியில வெடி. ரைட்டுக்கு விமானத்துல போறதுன்னா பயம், அதுல இருந்து வந்த டிராக் இது. ஹெட்ஃபோன்ல அந்த கால் சத்தம் எங்க இருந்து எங்க ஓடுதுன்னு மட்டும் பின்தொடர்ந்து பாருங்க.

டைம். என்ஜினியர் ஆலன் பார்சன்ஸ் ஒரு பழைய கடிகார கடைக்கு போய் ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியா ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தாரு, அது இந்த பாட்டுக்காக பண்ணதே இல்ல, நாலு ஸ்பீக்கர் ஒலி எப்படி இருக்கும்னு காட்டுறதுக்கான டெமோவுக்கு. பேண்ட் இப்படி ஒரு பாட்டு வச்சிருக்குறது தெரிஞ்சதும் இது வேணுமான்னு கேட்டாரு. எல்லா கடிகாரமும் ஒரே நேரத்துல மணி அடிக்குற மாதிரி டேப்ல ஒவ்வொண்ணா வரிசைப்படுத்துறது லேசான வேலையா என்ன. அது அடங்குனதும் டிக் டிக்னு வருது பாருங்க, அது கடிகாரம் இல்ல, வாட்டர்ஸ் பாஸ் கிடார்ல கம்பிய கையால அமுக்கிக்கிட்டு மீட்டுறது. மேசன் வாசிக்குறது ரோட்டோடாம், டியூன் மாத்தக்கூடிய சின்ன டிரம். எழுதும்போது வாட்டர்ஸுக்கு 28, 29 வயசு, வாழ்க்கை இனிமேதான் ஆரம்பிக்கப்போகுதுன்னு காத்துக்கிட்டு இருந்தவருக்கு அது ஏற்கனவே ஓடிக்கிட்டுதான் இருக்குன்னு உறைச்சிருக்கு, பாட்டு மொத்தமும் அதுதான். வேலைக்கு சேந்து நாலஞ்சு வருஷம் ஆனவங்க இத ராத்திரியில தனியா கேக்கும்போது கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க.

அடுத்தது கிரேட் கிக் இன் தி ஸ்கை, ரைட்டோட பியானோ, அதுக்கு மேல ஒரு பொண்ணோட குரல், வார்த்தையே இல்லாம. கிளேர் டோரின்னு ஒரு செஷன் சிங்கர், 1973 ஜனவரியில ஒரு ஞாயித்துக்கிழமை கூப்பிட்டாங்க, ஞாயிறுங்கறதால டபுள் சம்பளம், 30 பவுண்டு. என்ன பாடணும்னு அவங்ககிட்ட யாருமே தெளிவா சொல்லல, வார்த்தை வேண்டாம், சாவப்பத்தின டிராக், அவ்வளவுதான். குரலையே ஒரு வாத்தியமா நினைச்சுக்கிட்டு ரெண்டு மூணு டேக் பாடிட்டு, ரொம்ப கத்திட்டோமோன்னு சங்கடப்பட்டுக்கிட்டே வீட்டுக்கு போனாங்க, இத யூஸ் பண்ண மாட்டாங்கன்னே நினைச்சாங்க, அப்புறம் கடையில ரெக்கார்டு அட்டையில தன் பேர பாத்துத்தான் விஷயமே தெரிஞ்சது. அந்த மெலடி அவங்க அந்த இடத்துலயே உருவாக்குனதுன்னு 2004ல கேஸ் போட்டு 2005ல சமரசம் ஆச்சு, இப்ப பாட்டு ரைட், டோரி ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. முப்பது வருஷத்துக்கு மேல தாமதமா வந்தாலும் அது நியாயம்தான். முதல் பாதி கதறல், நடுவுல அடங்கி, கடைசியில கிட்டத்தட்ட முனகல், அந்த இறக்கத்த கேளுங்க.

மணி பாட்டுக்கு ஒரு பயிற்சி வச்சுக்கலாம், எண்ணிப்பாருங்க. காசு, கிழிக்குற பேப்பர், கல்லாப்பெட்டின்னு சத்தம் சுத்தி சுத்தி வருது இல்லையா, அது ஏழு அடி. நம்ம மிஸ்ர சாபு தெரிஞ்சவங்களுக்கு ஏழு ஒண்ணும் புதுசில்ல, தகிட தகதிமின்னு சொல்லிக்கிட்டே கூட வந்துடலாம். அந்த சுத்து வந்தது எப்படின்னா, வாட்டர்ஸ் தன் வீட்டுத் தோட்டத்து ஷெட்ல, அவரோட மனைவி மண்பாண்டம் செய்ய களிமண் பிசையுற பெரிய கிண்ணத்துல சில்லறைய வீசி ரெக்கார்ட் பண்ணாரு, ஒவ்வொரு சத்தம் இருக்குற டேப்பையும் ஸ்கேல் வச்சு ஒரே நீளத்துக்கு அளந்து பிளேடால வெட்டி ஒட்டி வளையமா ஆக்கி மெஷின்ல ஓட விட்டது, ஸ்டுடியோல அதையே மறுபடி நல்ல தரத்துல செஞ்சாங்க. சாக்ஸ், அதாவது சாக்ஸபோன், வாசிக்குறது டிக் பாரி, கில்மோருக்கு கேம்பிரிட்ஜ் பழக்கம். சாக்ஸ் வரைக்கும் ஏழுலயே போயிட்டு கிடார் சோலோ தொடங்குனதும் நாலுக்கு மாறும், உங்க எண்ணிக்கை திடீர்னு பொருந்தாம போகுற அந்த இடத்த புடிச்சிட்டீங்கன்னா சந்தோஷம்தான். சோலோ நடுவுல எக்கோ எல்லாம் சட்டுன்னு வத்திப்போய் சின்ன ரூம்ல பக்கத்துலயே வாசிக்குற மாதிரி வறண்டு வரும், அப்புறம் மறுபடி பெருசா விரியும். இந்த வறட்சி, ஈரம் விஷயத்துல பேண்டுக்குள்ளயே ரெண்டு கட்சி, கில்மோருக்கு எக்கோ நிறைய வேணும், வாட்டர்ஸுக்கும் மேசனுக்கும் வறண்டு இருக்கணும், கடைசியில மிக்ஸ் பண்ணும்போது பஞ்சாயத்து பண்ண கிறிஸ் தாமஸ்னு வெளிய இருந்து ஒருத்தர கூட்டிட்டு வந்தாங்க.

அஸ் அண்ட் தெம் என்னோட உசுரு. ரைட் இத 1969 கடைசியில இத்தாலி டைரக்டர் அன்டோனியோனியோட ஜாப்ரிஸ்கி பாயிண்ட் படத்துல ஒரு கலவர காட்சிக்காக பியானோவுல போட்டாரு, டைரக்டர் அழகா இருக்கு ஆனா ரொம்ப சோகம்னு வேண்டாம்னுட்டாரு, அது சும்மா கிடந்துச்சு. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு வரி சேந்து சண்டையப் பத்தின பாட்டாச்சு. வாட்டர்ஸோட அப்பா 1944ல இத்தாலியில ஆன்சியோ போர்ல செத்தவரு, அப்ப இவரு அஞ்சு மாச குழந்தை, ஜெனரல் பின்னாடி உக்காந்துக்கிட்டு முன்வரிசைய சாகவிடுறத பத்தி அவர் எழுதுனா அது வேற கனம். கில்மோர் ஒரு வார்த்தைய மெல்லமா சொல்ல சொல்ல எக்கோ அத திருப்பி திருப்பி சொல்லி தூரமா போகும், பாட்டோட வேகமே அந்த எக்கோவுக்கு இடம் விட்டுத்தான் இருக்கு.

பேச்சுக் குரல்கள மட்டும் மூணாவது தடவைக்கு வச்சுக்கோங்க. வாட்டர்ஸ் ஒரு அட்டைக்கட்டுல கேள்வி எழுதி, ஆபி ரோட்ல கையில கிடைச்சவங்கள எல்லாம் மைக் முன்னாடி உக்கார வச்சு ஒவ்வொரு அட்டையா திருப்ப சொன்னாரு. சாவுன்னா பயமா, கடைசியா யாரையாவது எப்ப அடிச்ச, அப்ப உன் பக்கம் நியாயம் இருந்துச்சா, இப்படி. பால் மெக்கார்ட்னி அப்ப பக்கத்து ஸ்டுடியோல இருந்தாரு, அவர்கிட்டயும் கேட்டாங்க, ஆனா அவர் பதில் ஜாக்கிரதையா இருந்ததால வேண்டாம்னு விட்டுட்டாங்க. ஆல்பத்துல இருக்குறது ரோடு மேனேஜர், மேடை சாமான் தூக்குறவங்க, அப்புறம் ஸ்டுடியோ வாட்ச்மேன் ஜெர்ரி ஓ'டிரிஸ்கால். பைத்தியக்கார சிரிப்பு சிரிக்குறது ரோடு மேனேஜர் பீட்டர் வாட்ஸ், நடிகை நவோமி வாட்ஸோட அப்பா. எல்லாம் முடிஞ்சு கடைசி டிராக் எக்லிப்ஸ் அடங்கும்போது, நிலாவுக்கு இருட்டு பக்கம்னு தனியா ஒண்ணு கிடையாது, மொத்தமும் இருட்டுதான்னு ஒரு குரல் சொல்லும் பாருங்க, அது அந்த வாட்ச்மேன். உலகம் முழுக்க விக்கப்போற ஆல்பத்தோட கடைசி வார்த்தைய வாட்ச்மேன்கிட்ட குடுத்திருக்காங்க, அதுக்காகவே அவங்கள எனக்கு ரொம்ப புடிக்கும்.

அட்டையையும் பாருங்க

முடிஞ்சா பழைய எல்பி அட்டைய கையில எடுத்து விரிச்சு பாருங்க. ரைட்தான் எளிமையா, நறுக்குன்னு ஒண்ணு வேணும்னு கேட்டாரு, ஆல்பம் அட்டை டிசைன் பண்ற ஹிப்நோசிஸ் கம்பெனி ஸ்டார்ம் தோர்கர்சனும் ஆப்ரி பவலும் யோசனை குடுக்க, வரைஞ்சது ஜார்ஜ் ஹார்டி. முன்னாடி பட்டகத்துல பிரியுற வெளிச்சம் உள்பக்கம் வழியா ஓடி பின் அட்டையில இன்னொரு பட்டகத்துல மறுபடி சேந்துடும், உள்ள பச்சை கோட்டுல இதயத்துடிப்பு வரைபடம் மாதிரி துடிச்சிருக்கும். வெளிச்சத்துல ஆறு நிறம்தான் இருக்கும், எண்ணிப்பாருங்க. முன் அட்டையில பேண்ட் பேரும் இல்ல ஆல்பம் பேரும் இல்ல.

இவ்வளவு பெருசா ஆனது எப்படி

அமெரிக்காவுல அதிகமா விக்குற 200 ஆல்பத்த வரிசைப்படுத்துற பில்போர்டு பட்டியல்ல முதலிடத்துல இருந்தது ஒரே ஒரு வாரம்தான், ஆனா 1973ல இருந்து 1988 வரைக்கும் அந்த 200 பட்டியல்ல இருந்தது 741 வாரம். வித்தது 4.5 கோடி பிரதிக்கு மேலன்னு கணக்கு சொல்றாங்க. ஸ்டீரியோ கடைக்காரங்க செட்டோட தரத்த காட்ட இத போட்டு காட்டுனாங்க, எஃப்எம் ரேடியோல பக்கம் பக்கமா ஓடுச்சு. இதுல நம்ம பக்கத்து ஆள் ஒருத்தருக்கு பெரிய பங்கு இருக்கு, திருவனந்தபுரத்துல பொறந்த பாஸ்கர் மேனன், இந்தியாவுல எச்எம்வி ரெக்கார்டு போட்ட கிராமபோன் கம்பெனியில இருந்து போய் 1971ல அமெரிக்க கேபிடல் ரெக்கார்ட்ஸுக்கு தலைமை ஏத்தவரு. பேண்ட் அமெரிக்காவுல வேற கம்பெனிக்கு மாறப்போறாங்கன்னு முடிவான நிலைமையிலயும் இந்த ஆல்பத்துக்கு அவர் முழு மூச்சா விளம்பரம் பண்ணாரு. நம்ம ஊர்ல பிங்க் ஃபிளாய்ட் ரசிகர்கள்லயே பாதி பேருக்கு இது தெரியாது.

இத விஸார்ட் ஆஃப் ஆஸ் படத்தோட சேத்து ஓட்டுனா பொருந்தும்னு ஒரு கதை சுத்திக்கிட்டே இருக்கும், பேண்டும் பார்சன்ஸும் இல்லவே இல்லன்னு சொல்லிட்டாங்க, முதல் பத்து தடவைக்கு அந்த பக்கம் போகாதீங்க.

அடுத்து என்ன கேக்கலாம்

இதுக்கு முன்னாடி எங்க இருந்து வந்தாங்கன்னு தெரியணும்னா 1971ல வந்த மெடில் ஆல்பத்துல எக்கோஸ், ஒரு பக்கம் முழுக்க 23 நிமிஷம், நாலு பேரும் ஒண்ணா சேந்து நீளமா ஒரு விஷயத்த கட்டுறத அங்கதான் கத்துக்கிட்டாங்க. இதுக்கு பின்னாடி என்ன ஆச்சுன்னா 1975ல விஷ் யூ வேர் ஹியர், அதுல பெரும்பகுதி சிட் பாரெட்ட நினைச்சு போட்டது, அத ரெக்கார்ட் பண்ணிக்கிட்டு இருந்தப்ப பாரெட்டே ஒரு நாள் ஸ்டுடியோவுக்குள்ள வந்து நின்னாரு, உடம்பு பெருத்து தலையும் புருவமும் மழிச்சிருந்ததால கூட வளந்தவங்களுக்கே முதல்ல அடையாளம் தெரியல. டார்க் சைட மேடையில எப்படி வாசிச்சாங்கன்னு கேக்க ஆசைப்பட்டா 1974 நவம்பர் வெம்ப்லி எம்பயர் பூல் ரெக்கார்டிங் 2011ல வெளிய வந்திருக்கு, ஆல்பம் முழுக்க அதே வரிசையில, அதுல எட்டாவது டிராக் எனி கலர் யூ லைக்க ஸ்டுடியோல வாசிச்சத விட நல்லா நீட்டி வாசிச்சிருப்பாங்க, கில்மோரும் ரைட்டும் அவசரமே இல்லாம மாத்தி மாத்தி பேசிக்குற மாதிரி இருக்கும், அத கண்டிப்பா கேளுங்க.